கவிழ்த்து மாட்டிய ஃபில்டர்

முள் எழும்பவில்லை.

சைகோனின் கான் ஹொய் கால்வாய்க் கரையில் கட்டியிருந்த சீ பாவின் படகில், எஞ்சின் அறைக்குள் மூன்று பேர் குனிந்து நின்று அந்த ஒரு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆயில் அழுத்தம் காட்டும் முள், ஸ்டார்ட் ஆன மாத்திரத்தில் துள்ளி எழுந்து நடுவுக்கு மேலே போய் நிற்க வேண்டும். இது கொஞ்சம் அசைந்து, சிவப்புக் கோட்டை ஒட்டி நகர்ந்து, அங்கேயே குந்திக்கொண்டது.

எஞ்சின் கம்பெனியிலிருந்து வந்திருந்த சேகர் மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தான். முள் அவனுக்கும் மசியவில்லை. நிறுத்தச் சொல்லிக் கை காட்டினான். எஞ்சின் அடங்கியதும் ஈரப் பலகையும் சூட்டு டீசலும் புதுப் பெயின்ட்டும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது.

"புது ஒரிஜினல் ஃபில்டர் போட்டும் இப்படித்தான் இருக்குன்னா, உள்ளே பேரிங் போயிடுச்சு பாய். இத்தனை மாசமா நீங்க குடுத்த லோக்கல் ஃபில்டர் பண்ண வேலை" என்றான்.

சீ பாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவனுடைய விரல் யாரை நோக்கி நீண்டது என்பதைப் புரிந்துகொள்ளத் தமிழ் தேவைப்படவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள்.

காரணம் இருந்தது. இன்னும் சில நாளில் டேட், வியட்நாமியப் புத்தாண்டு. வருஷம் முழுவதும் அவள் உரமும் மணலும் ஏற்றுவது வயிற்றுப்பாட்டுக்கு. டேட்டுக்கு முன்னால் சா டெக் போய், தோட்டக்காரர்களிடம் பூந்தொட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து, சைகோனில் பின் டோங் கரையில் இறக்குகிறாளே, அந்த ஒரு நடைதான் குடும்பத்துக்கு மிச்சம். டேட் பிறந்துவிட்டால் அந்தப் பூவை மாடுகூடச் சீந்தாது. அதைவிட மோசம், ஒரு வருஷம் வராத படகுக்கு மறு வருஷம் தோட்டக்காரர்கள் பூ தர மாட்டார்கள். வேறு படகைப் பார்த்துக்கொள்வார்கள்.

மறுநாள் விடிந்ததும் அவள் கிளம்பியாக வேண்டும். சேகரோ எஞ்சினைப் பிரிக்க வேண்டும், அதுவும் டேட் கழித்துத்தான் முடியும் என்கிறான்.

சீ என்றால் அக்கா

படகை அங்கேயே நிறுத்திவிட்டு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் 'மரியாதையில்லாமல் ஒரு பொம்பளையை சீ என்கிறாரே' என்று யாராவது எழுதிவிடுவார்கள். என் மனைவி ஹமீதாவே சைகோனுக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தாள். நான் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஏங்க, அந்தப் பொம்பளய வாய்க்கு வாய் சீ சீங்கிறீங்களே, அவ ஒண்ணும் சொல்ல மாட்டாளா?" என்று கேட்டாள்.

சீ என்றால் அக்கா. பா என்றால் மூன்று. தென் வியட்நாமில் பிள்ளைகளைப் பிறந்த வரிசையில் எண்ணால் கூப்பிடுவார்கள். அதிலும் ஒரு குசும்பு உண்டு. மூத்த பிள்ளையை ஒன்று என்று கூப்பிட மாட்டார்கள், இரண்டு என்றுதான் ஆரம்பிப்பார்கள். மூத்தது எது என்று ஆவிக்குத் தெரிந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். ஆக, இரண்டாவதாகப் பிறந்த இந்தப் பெண் மூன்றாம் அக்கா ஆகிவிட்டாள்.

எனக்கும் அவள் ஒரு பேர் வைத்திருந்தாள். அன் லோக். ஃபில்டர் அண்ணன் என்று அர்த்தம். என் சொந்தப் பேரைச் சொல்ல அந்த ஊரில் யாருக்கும் நாக்கு வளையாது. அதனால் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. கால்வாய்க் கரையில் யாரிடமாவது என் பாஸ்போர்ட் பேரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். அன் லோக் கடை என்றால் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடுவார்கள்.

நான் காரைக்கால்காரன். எங்கள் ஊரில் ஒருகாலத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது சைகோன் பேச்சு இருக்கும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் போனவர்கள், வந்தவர்கள், வராமலே போனவர்கள். நான் அந்தக் கணக்கில் போனவன் இல்லை. கப்பலில் செகண்ட் எஞ்சினியராகச் சுற்றிவிட்டு, கடல் போதும் என்று தோன்றிய ஒரு வருஷம், அந்த ஊர் வெளியாட்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்த சமயம் பார்த்து இறங்கினேன். சைக்கிள்களை மோட்டார் பைக்குகள் விரட்டி முடித்திருந்த காலம். கான் ஹொய்யில் பழைய கிடங்கு ஒன்றின் முன்பக்கத்தை வாடகைக்குப் பிடித்து, படகு எஞ்சின்களுக்கு ஃபில்டர் விற்க ஆரம்பித்தேன். ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், காற்று ஃபில்டர். வேறு எதுவும் கிடையாது. கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மூன்று வகை

கடைக்கு வருகிற ஆள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஒரிஜினலா, லோக்கலா?"

எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. உலகத்தில் இரண்டு வகை ஃபில்டர்தான் இருப்பதுபோல் அது பேசுகிறது. உண்மையில் மூன்று வகை உண்டு. ஒன்று, எஞ்சின் கம்பெனி தன் பேரைப் போட்டு விற்பது. இரண்டு, ஃபில்டர் செய்வதையே தொழிலாகக் கொண்ட இன்னொரு கம்பெனி தன் சொந்தப் பேரில் விற்பது. மூன்று, எவனோ ஒருவன் கம்பெனிப் பெட்டியை அச்சடித்து, உள்ளே குப்பையைப் போட்டு விற்பது. மூன்றாவதுதான் எதிரி. ஆனால் ஜனங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே கூடையில் போட்டு லோக்கல் என்று சொல்லிவிடுகிறார்கள். இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன். எஞ்சின் கம்பெனிகள் பெரும்பாலும் தாங்களே ஃபில்டர் செய்வதில்லை. ஃபில்டர் செய்கிறவனிடம் வாங்கித் தங்கள் கலரை அடித்துக்கொள்கின்றன. ஆகவே பெட்டியைப் பார்த்து முடிவு செய்யாதே, பிரித்துப் பார் என்பேன். நான் பிரித்துப் பார்ப்பேன். ஒவ்வொரு சரக்கு வரும்போதும் ஒன்றை எடுத்து, பால் டப்பாவைத் திறப்பதுபோல் சுற்றி வெட்டி, உள்ளே இருப்பதை மேசையில் பரப்புவேன். காகித மடிப்பு நெருக்கமாக இருக்கிறதா, பசை சீராக ஓடியிருக்கிறதா, மரை சரியாக உட்கார்கிறதா, அடைத்துக்கொண்டால் வழிவிடும் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, உள்ளே இருக்கும் ரப்பர் வட்டு மெத்தென்று இருக்கிறதா. தேறினால்தான் அலமாரிக்குப் போகும்.

வெட்டியதை எறியவும் மனசு வராது. வீட்டுக்குக் கொண்டுபோய் டீவிக்குப் பக்கத்தில் வைப்பேன். ஹமீதா ஒருநாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது வூடா, ஒர்க்‌ஷாப்பா? பிரியாணி ஆக்குனாலும் ஆயில் வாசந்தான் ஈக்குது" என்று சொன்ன பிறகு எல்லாம் கடைச் சுவருக்குப் போயின.

அந்த ரப்பர் வட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, பின்னால் தேவைப்படும். ஃபில்டர் டப்பாவின் வாய்ப்பக்கத்தில் ஓரமாகச் சுற்றிலும் ஓட்டைகள், நடுவில் ஒரு பெரிய ஓட்டை. எண்ணெய் ஓர ஓட்டைகள் வழியாக உள்ளே போய், காகிதத்தில் வடிகட்டி, நடு ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும். ஓர ஓட்டைகளுக்கு உள்பக்கம் அந்த ரப்பர் வட்டு மூடியிருக்கும். வருகிற எண்ணெய்க்கு வழிவிடும், திரும்பிப் போகிற எண்ணெயை விடாது. ஒருவழிக் கதவு, அவ்வளவுதான்.

டோங் டு பின்வாசல்

சேகரைப் பற்றியும் சொல்லவேண்டும். சீ பா எஞ்சின் வாங்கிய கம்பெனியில் அவன்தான் சர்வீஸ் மேனேஜர். சென்னைப் பையன் என்று எழுத வந்தேன், நாற்பதைத் தாண்டியவனைப் பையன் என்று சொன்னால் சண்டைக்கு வருவான். கெட்டிக்காரன். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் மக்கர் செய்கிறது என்று சொல்லுவான். ஒரே ஒரு குறை, ஒரிஜினல் என்ற வார்த்தையைத் தாண்டி அவன் யோசிக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமைகளில் நான் டோங் டு பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வரும்போது வாசலில் தயாராக நிற்பான். தொழுகைக்கு இல்லை, கறிக்கு. பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டுக் கடையில் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே இருவரும் ஃபில்டர் சண்டை போடுவோம். சீ பா என்னிடம் ஃபில்டர் வாங்குவது தெரிந்த நாளிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. வாரண்டி இருக்கிற எஞ்சின், கம்பெனி ஃபில்டர்தான் போட வேண்டும் என்பான். உன் ஃபில்டர் டான் சோன் நாட் விமான நிலையக் கார்கோவில் வாரக்கணக்கில் தூங்குகிறது, அதுவரைக்கும் கறுத்துப்போன எண்ணெயில் ஓட்டச் சொல்கிறாயா என்பேன். வாரண்டி புத்தகத்திலேயே அதே தரமுள்ள வேறு ஃபில்டரும் போடலாம் என்று இருந்தது. அந்தத் தரம் யார் நிரூபிப்பது என்பதில்தான் சண்டை. கறி தீர்ந்ததும் சண்டையும் தீரும்.

அந்தக் காலையில் அது தீருகிற சண்டையாக இல்லை. சீ பாவின் வருஷம் அதில் மாட்டியிருந்தது. நான் சொல்லித்தான் அவள் அந்த ஃபில்டரை வாங்கியிருந்தாள்.

தழும்பு

முந்தின நாள்தான் அவள் ஆளனுப்பியிருந்தாள். சில நாளாகவே முள் சரியாக ஏறவில்லை, எஞ்சின் கிளம்பும்போது கடகடவென்று ஒரு சத்தம். சேகர் வந்தான், என் ஃபில்டரைக் கழற்றினான், கையிருப்பில் இருந்த கடைசி ஒரிஜினலை மாட்டினான். மற்றதெல்லாம் கார்கோவில். மாட்டி ஓட்டிய பிறகுதான் நான் முதலில் சொன்ன காட்சி.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. என் ஃபில்டர் எஞ்சினைக் கொல்லாது. இது நம்பிக்கையில்லை, நான் வெட்டிப் பார்த்த சரக்கு. ஆகவே நான் பதறவில்லை. கழற்றிப் போட்டிருந்த என் ஃபில்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தேன். வெட்டினேன்.

முதலில் காகிதத்தை வெயிலில் விரித்தேன். பேரிங் தேய்ந்திருந்தால் மடிப்புக்குள் பொடிப்பொடியாக மினுங்கும். ஒரு மினுக்கம்கூட இல்லை. எஞ்சின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். கறுப்பு, ஆனால் சுத்தமான கறுப்பு. பேரிங் போகவில்லை.

அப்புறம் ரப்பர் வட்டை எடுத்தேன். பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதில் வட்ட வட்டமாக ஆழமான தழும்புகள். ஓர ஓட்டைகளின் அச்சு. வெளியிலிருந்து எண்ணெய் வந்தால் வட்டு ஓட்டைகளை விட்டு விலகும், தழும்பு விழாது. உள்ளிருந்து யாரோ அமுக்கினால்தான் ரப்பர் ஓட்டைக்குள் பிதுங்கும்.

"தம்பி, எண்ணெய் தலைகீழாப் போவுது" என்றேன்.

சேகர் வட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உங்கள் ரப்பர் மட்டம், சூட்டில் இளகியிருக்கிறது என்றான். சரி, உன்னுடையதை வெட்டு என்றேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. கடைசி ஒரிஜினல், டேட் வரைக்கும் வேறு கிடையாது. நான் கத்தியை நீட்டியபடியே நின்றேன். அவன் கீழே போய்க் கழற்றிக்கொண்டு வந்தான். அதை என்னிடம் தராமல் தானே வெட்டியதற்காக இன்றைக்கும் அவன்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

அதிலும் அதே தழும்பு. கொஞ்ச நேரமே ஓடியதால் லேசாக இருந்தது, ஆனால் இருந்தது. ஒரிஜினலுக்கும் என்னுடையதற்கும் அந்த விஷயத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

எஞ்சின் எப்படி இத்தனை நாள் பிழைத்தது? ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எண்ணெய் வடிகட்டாமலே உள்ளே போக எஞ்சினிலேயே ஒரு அவசர வழி உண்டு. அந்தச் சந்து வழியாகத்தான் குறைந்த அழுத்தத்தில் எண்ணெய் போய்க்கொண்டிருந்தது. அப்படியே பூ ஏற்றிக்கொண்டு சா டெக்கிலிருந்து எதிர்நீரில் முக்கி வந்திருந்தால் பேரிங் நிஜமாகவே போயிருக்கும்.

யாரும் எதையும் தொடவில்லை

இந்த எஞ்சினில் ஃபில்டர் எஞ்சின்மேல் நேராக இல்லை. இடம் போதாததால் பக்கத்துப் பலகைச் சுவரில் ஒரு பிராக்கெட் அடித்து, அதில் ஃபில்டரை மாட்டி, இரண்டு ஹோஸ் வழியாக எண்ணெயைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். போகிற ஹோஸும் வருகிற ஹோஸும் இடம் மாறினால் எண்ணெய் தலைகீழாகத்தான் போகும்.

சேகர் ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டியது அவனுடைய ஆட்கள். மஞ்சள் பெயின்ட்டால் அடையாளம் வைத்து மாட்டினார்கள், மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. "ஹோஸ் தானா நடந்து போய் இடம் மாறிக்குமா பாய்?" என்றான். நியாயமான கேள்வி. ஹோஸ் இரண்டும் வளைவு நெளிவில்லாமல் நேராக, அழகாக உட்கார்ந்திருந்தன. மாற்றி மாட்டிப் பார்க்கலாமென்றால் குறுக்கே எட்டவில்லை, நீளமாகப் புது ஹோஸ் வேண்டும். டேட்டுக்காகக் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. காரணம் தெரியாமல் மாற்றி, அது தப்பாகி, எஞ்சின் எரிந்தால் தன் தலை உருளும் என்று சேகர் பயந்தான். அதிலும் தப்பில்லை.

நான் சீ பாவிடம் கேட்டேன். இதை யாராவது கழற்றினார்களா, மாற்றினார்களா?

"யாரும் எதையும் ரிப்பேர் பண்ணலை, அன் லோக்" என்றாள்.

எஞ்சின் பார்த்துக்கொள்வது அவளுடைய கொழுந்தன். கடைசிப் பிள்ளை என்பதால் பேர் ஊத். அவனைக் கேட்டேன். அண்ணியைப் பார்த்தான். அண்ணி தண்ணீரைப் பார்த்தாள். அவனும் தண்ணீரைப் பார்த்தான். பொய் சொல்கிற முகங்கள் எனக்குத் தெரியும், வியாபாரி நான். இது அந்த முகமில்லை. வாயில் எதையோ அடக்கி வைத்திருக்கிற முகம்.

மத்தியானச் சாப்பாடு வந்தது. வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புவது அவள் படகில் நடக்காது, எஞ்சின் எரிந்துகொண்டிருந்தாலும் நடக்காது. சோறு, புளிப்பு சூப், முழுசாகப் பொரித்த மீன் ஒன்று. மேல்பக்கம் தீர்ந்ததும் சேகர் குச்சிகளை மீனுக்கு அடியில் கொடுத்துத் திருப்பப் போனான். சீ பாவின் கை பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவள் நடுமுள்ளைத் தூக்கி எடுத்துவிட்டு, அடிப்பக்கச் சதையைத் தானே கிள்ளி அவன் கிண்ணத்தில் வைத்தாள்.

சேகர் விழித்தான். நான் விழிக்கவில்லை. படகுக்காரர்கள் மீனைத் திருப்ப மாட்டார்கள். மீன் புரண்டால் படகு புரளும். கிண்ணத்தைக் குப்புறக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். கவிழ் என்ற அந்த வார்த்தையையே படகில் நின்றுகொண்டு சொல்ல மாட்டார்கள். இதைச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கப்பலில் இருந்தபோது விசிலடித்த ஒருவனைக் கேப்டன் துரத்தித் துரத்தித் திட்டியதை நான் பார்த்திருக்கிறேன். காற்றைக் கூப்பிடுகிறானாம். தண்ணீர்மேல் பிழைக்கிறவன் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று உண்டு.

அவள் மணிக்கட்டைப் பிடித்த வேகம் மட்டும் என் மனசில் நின்றது. சாப்பாட்டை முடித்துவிட்டு, கரையில் ஒரு காபி குடிக்கலாம் வா என்று அவளைக் கூப்பிட்டேன். இந்த நேரத்தில் காபியா என்று சேகர் முறைத்தான். முறைக்கட்டும் என்று இறங்கிவிட்டேன்.

கரையில்

கால்வாயை ஒட்டி முட்டளவு உயரப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள். வியட்நாமில் காபி அவரவர் கண்ணெதிரே சொட்டுச் சொட்டாக இறங்கும், தம்ளர்மேல் ஒரு சின்னத் தகர வடிகட்டி. சொட்டி முடிந்ததும் சீ பா அதன் மூடியைக் கழற்றி, மல்லாத்திப்போட்டு, அதன்மேல் வடிகட்டியைத் தூக்கி வைத்தாள். அவள் கை தயங்கவே இல்லை. கரையில் எதையும் எப்படியும் புரட்டலாம்.

"சீ பா, அந்த ஃபில்டர் முதல்ல எப்படி இருந்துச்சு?" என்றேன்.

அவள் ஒருமுறை திரும்பிப் படகைப் பார்த்தாள். தூரம் போதும் என்று பட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"கவிழ்ந்து இருந்துச்சு, அன் லோக். வாய் கீழே, அடிப்பக்கம் மேலே. என் படகுக்குள்ள ஒரு கிண்ணம் கவிழ்ந்து கிடக்கு, அதைப் பாத்துக்கிட்டே நான் எப்படிப் பூ ஏத்தப் போறது? டேட்டுக்குச் சுத்தம் பண்றப்ப ஊத்கிட்ட சொல்லி நிமிர்த்தி வெச்சுட்டேன். பெயின்ட்டும் அடிச்சோம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் தெரிந்துவிட்டது. ஊத் பிராக்கெட்டைக் கழற்றி அரைச்சுற்று சுற்றி மாட்டியிருக்கிறான். சுற்றியதும் ஹோஸ் மாட்டுகிற இடது பக்க வாய் வலது பக்கம் போய்விட்டது. ஹோஸ் குறுக்கே எட்டவில்லை. நேராக எது எட்டியதோ அதை மாட்டிவிட்டான். அடையாளத்துக்கு வைத்த மஞ்சளும் டேட்டுக்கு அடித்த பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் போய்விட்டது.

நான் கேட்டபோதே ஏன் சொல்லவில்லை என்றேன். அவளுக்கு என் கேள்விதான் ஆச்சரியமாக இருந்தது.

"ரிப்பேர் பண்ணினீங்களான்னு கேட்டீங்க. நிமிர்த்தி வைக்கிறது ரிப்பேரா? சொல்லணும்னாலும் அந்த வார்த்தையைச் சொல்லியாகணும். படகுல நின்னுக்கிட்டு, பயணத்துக்கு முந்தின நாள் சொல்லவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எஞ்சின் போய்விடும் என்று சேகர் சொன்னதை விரலசைவிலேயே புரிந்துகொண்டவள். வருஷமே போகப்போகிறது என்று தெரிந்தும் அந்த ஒரு வார்த்தையைப் படகில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. படகில் பெண்டு பிள்ளைகள் படுத்துத் தூங்குகிறார்கள். எஞ்சின் போனால் ஒரு வருஷம். படகு போனால்?

அவள் சொல்லாதது தப்பே இல்லை. நான் கேட்ட இடம்தான் சரியில்லை.

யார் மாட்டுவது

படகுக்குத் திரும்பி, சேகரைக் கரைக்கு இறக்கி, கரையில் வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னேன். அவனும் சட்டென்று பிடித்துக்கொண்டான். கீழே போய் பிராக்கெட்டில் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டினான். மஞ்சள் எட்டிப் பார்த்தது, இருக்கக் கூடாத பக்கத்தில்.

பழையபடியே மாட்டிவிட்டால் பழைய ஹோஸே போதும், வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்றான். முடியும்தான். அவள் முகத்தைப் பார்த்தேன். முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். டப்பா நிமிர்ந்து இருப்பதால் எண்ணெய்க்கு ஒரு கெடுதலும் இல்லை. ஹோஸ் நீளமாக இருந்தால் போதும்.

அவன் மோட்டார் பைக்கில் பின்னால் உட்கார்ந்து டான் சின் சந்தைக்குப் போனேன். ஹோஸ் கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, பூஜைக்குப் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார். நாளைக்குப் பூப்படகு போக வேண்டும் என்று சொன்னேன். பழத்தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, ஹோஸை அளந்து வெட்டி, முனை அழுத்திக் கொடுத்தார். பூப்படகு என்றால் அந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஹோஸ் மாட்டியாயிற்று. போகிறது போகிற இடத்தில், வருகிறது வருகிற இடத்தில். டப்பா உட்கார வேண்டிய வாய் மட்டும் காலியாக இருந்தது. ஒரிஜினல் இரண்டு துண்டாக மேல்தளத்தில் கிடந்தது. என் பையில் ஒரு புது ஃபில்டர் இருந்தது. நான் எடுக்கவில்லை. சும்மா நின்றேன்.

சேகர் நெற்றியைத் துடைத்தான். முள்ளைப் பார்த்தான், சீ பாவைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். கையை நீட்டினான்.

நான் கொடுத்தேன். அவன் பெட்டியைப் பிரித்து, உள்ளே எட்டிப் பார்த்து, ரப்பர் வட்டை விரலால் அமுக்கிப் பார்த்தான். ஓர வளையத்தில் புது எண்ணெயைத் தடவினான். ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே சுற்றி, வளையம் பதிந்ததும் இன்னும் கொஞ்சம் இறுக்கினான். டீசலை அடைத்துவிட்டு எஞ்சினைச் சும்மா சுற்றவிட்டு எண்ணெயை ஏற்றினான். அப்புறம் திறந்தான்.

முள் துள்ளி எழுந்து நடுவைத் தாண்டி நின்றது. ஊத் கைதட்டினான். சீ பா தட்டவில்லை, எஞ்சினைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"வாரண்டி?" என்று நான் கேட்டேன். விடக் கூடாது அல்லவா.

"நான் மாட்டினது பாய். என் கையால மாட்டினது. கம்பெனி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றான்.

பின் டோங் கரை

அவள் சா டெக் போன நாட்களில் நான் கடையில் எதையும் வெட்டவில்லை. ஃபில்டர்மேல் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஒவ்வொரு போன் மணிக்கும் ஓடிப்போய் எடுத்தேன்.

அவள் வர வேண்டிய காலையில் பின் டோங் கரைக்குப் போனால், எனக்கு முன்னாலேயே சேகர் நிற்கிறான். இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது என்றான். எனக்கும் ஒரு வேலை இருந்தது என்றேன். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அணைந்தன. செவ்வந்தி, காகிதப்பூ, மஞ்சள் பூ விரிந்த டேட் மரங்கள். கரையெல்லாம் ஈரமண் வாசனை. அவள் படகைக் காணவில்லை. சேகர் சிகரெட்டைப் பற்றவைத்து, பாதியில் அணைத்து, இன்னொன்றைப் பற்றவைத்தான்.

வெயில் ஏறிய பிறகு பாலத்துக்கு அடியிலிருந்து வந்தது. படகே தெரியவில்லை, பூதான் தெரிந்தது. அந்த மஞ்சளுக்கு நடுவிலிருந்து ஊத் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. சேகர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான், நானும்தான்.

டேட் கழிந்து சீ பா கடைக்கு வந்தாள். விற்காமல் தனியாக எடுத்துவைத்த செவ்வந்தித் தொட்டிகள் இரண்டு. ஒன்று எனக்கு, ஒன்று சேகருக்கு. தோட்டக்காரர்கள் அடுத்த வருஷத்துக்கும் பூ சொல்லிவிட்டார்கள் என்றாள். சொல்லிக்கொண்டே என் அலமாரியைப் பார்த்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அலமாரியில் ஃபில்டர்கள் வரிசையாக இருந்தன. தூசு விழாமல் இருக்க, எல்லாவற்றையும் வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்துத்தான் வைத்திருந்தேன். எல்லாக் கடையிலும் அப்படித்தான் வைப்பார்கள்.

என்னைக் கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மேல்தட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தி வைத்தாள். கடைசித் தட்டுக்கு வந்தபோது நானும் உட்கார்ந்து கூடவே நிமிர்த்தினேன். முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"கரைதான், எனக்குத் தெரியும். ஆனா இதெல்லாம் படகுக்குப் போற சாமான், அன் லோக்" என்றாள்.

அன்றிலிருந்து என் கடையில் ஃபில்டர்கள் நிமிர்ந்துதான் இருக்கின்றன, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பிளாஸ்டிக் மூடியோடு. ஒரிஜினலும் சரி, மற்றதும் சரி. தூசு துடைக்கிற வேலை கூடிவிட்டது, துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.